இடக்கைச் சுற்று

எதிர் வீட்டு மாடிக்குத் தண்ணீர்க் குழாய் போடுகிறார்கள். காலையிலிருந்து அந்தப் பசை வாசனை சன்னல் வழியாக வந்துகொண்டிருக்கிறது. பிளாஸ்டிக் குழாயை ஒட்டுகிற பசை. முதலில் கொஞ்சம் இனிப்பாக வரும், நெற்றிக்கு ஏறியதும் எரியும். மற்றவர்களுக்கு அது புதுவீட்டின் வாசனை. எனக்கு அது உன் வண்டி. உன் பெட்டிக்குள் கால் வைத்ததும் இதுதான் முதலில் வரும். சுக்குக் காபியும், காயாத துண்டும், நீ தலைக்குத் தேய்க்கிற எண்ணெயும் அதற்குப் பிறகுதான். இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டுச் சன்னலைச் சாத்தப் போனேன். சாத்தாமல் அங்கேயே நின்றுவிட்டேன்.

நீ போன பிறகு நடந்ததை உன்னிடம் சொல்லவேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் என்னைத் தேற்றப் பார்ப்பார்கள். நீ தேற்றமாட்டாய், சிரிப்பாய்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், உன் தம்பி வடமதுரையிலிருந்து வண்டியை ஓட்டிவந்து எங்கள் வாசலில் நிறுத்தினான். பூ ஏற்றித் தேய்ந்த அந்தப் பழைய பிக்கப், அதன் முதுகில் நீ கட்டிவைத்த தகரப் பெட்டி. உள்ளே இரண்டு பேர் நெருக்கிப் படுக்கிற கட்டில், கட்டிலுக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி, ஓர் அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு குழாய். பார்த்தவர்கள் எல்லாம் வீடு என்றார்கள். நீ மட்டும் கடைசிவரை பெட்டி என்றுதான் சொன்னாய். தம்பி சாவியை என் கையில் வைத்தான். வைத்த கையோடு, அது எனக்கென்று கொடுத்தது இல்லை என்பதையும் சொல்லிவிட்டான்.

“பாண்டியம்மாவும் கேக்குதுக்கா. நீங்களும் அம்புட்டு வருசச் சிநேகம். நான் யாருக்குன்னு சொல்லுவேன்? ரெண்டு பேரும் பேசி ஒருத்தர் எடுத்துக்கங்க. பேசித் தீரலன்னா சொல்லுங்க, பெட்டிய எறக்கிப்புட்டுத் தக்காளி லோடுக்கு விட்டுர்றேன்.”

உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த என் கணவர், தக்காளிதான் எல்லாருக்கும் நல்லது என்று மெல்லச் சொன்னார். எனக்குக் கேட்டது. தம்பிக்கும் கேட்டிருக்கும்.

அந்த வண்டி முதலில் நம் இரண்டு பேருடையது. இதை நீ மறுக்கமாட்டாய். கல்லூரி விடுதியின் மொட்டை மாடியில், காயப்போட்ட துணிகளுக்கு நடுவில், நீ வரைபடத்தை விரித்து ஊர் ஊராகக் கோடு இழுப்பாய். இடது கையால் இழுக்கிற கோட்டின்மேல் உன் கையே ஊர்ந்து போய், சாப்பாட்டு மணி அடிக்கும்போது உள்ளங்கை ஓரம் முழுக்கப் பென்சில் கரியாக இருக்கும். அந்தக் கையைத் தண்ணீர்த் தொட்டியில் கழுவக்கூடப் பொறுமை இல்லாமல் என் தாவணியில் துடைப்பாய். பின்னால் பெட்டி கட்டிய ஒரு வண்டி வாங்கவேண்டும், லாட்ஜில் தங்கவே கூடாது என்று சொன்னது யார்? நான். எனக்கு மூட்டைப் பூச்சி என்றால் பயம். அதனால் சொன்னேன். ஆனால் சொன்னது நான்தான்.

பிறகு எனக்குக் கல்யாணம், மில் அலுவலகத்தில் கணக்கு வேலை, ஒரு மகள். உனக்குப் பள்ளிக்கூடத்தில் புவியியல், கல்யாணம் வேண்டாம் என்கிற பிடிவாதம். நாற்பதைத் தாண்டியதும் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு நீ வண்டியை வாங்கினாய். பெட்டி கட்டிய பட்டறைக்கு என்னையும் கூட்டிப்போனாய். சன்னல் எந்தப் பக்கம் வைக்கட்டும் என்று என்னைத்தான் கேட்டாய், நான் கைகாட்டிய பக்கத்திலேயே வைத்தாய். அந்த ஒரு சன்னல் என்னுடையது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று முறை என்னைக் கூப்பிட்டாய். முதல் முறை மகளுக்குப் பரீட்சை. அடுத்த முறை மாமியாருக்குக் கண் ஆபரேஷன். அதற்கடுத்து மில்லில் ஆடிட். மூன்றும் நிஜம், ஒன்றுகூடச் சாக்கு இல்லை. நான்காவது முறை நீ கூப்பிடவில்லை. அந்த நான்காவது முறைக்கு நான் தயாராக இருந்தேன் என்பது உனக்குத் தெரியாது. வீட்டில் சொல்லி வைத்திருந்தேன், லீவுகூடச் சேர்த்து வைத்திருந்தேன். அதற்குள் உனக்குப் பாண்டியம்மா கிடைத்துவிட்டாள்.

அவள் கிடைத்த கதையை நீ போனில் சொன்னாய். ஒரு தடவை சொல்லி நிறுத்தவில்லை. திருச்சி சாலையில் ஒரு பெட்ரோல் பங்க். டீசல் போடுகிற பெண், மீட்டரை விட்டுவிட்டுக் குனிந்து வண்டிக்கு அடியில் பார்க்கிறாள். நிமிர்ந்து உன்னிடம் மெதுவாகச் சொல்கிறாள்: “டீச்சர், உங்க வண்டி ஒண்ணுக்குப் போகுது.” தண்ணீர்த் தொட்டியின் பிளாஸ்டிக் மூட்டு விரிசல் விட்டு ஒழுகிக்கொண்டிருந்தது. நீ டீச்சர் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். “மொகத்துலயே எழுதி ஒட்டியிருக்காம்டி” என்று சொல்லி மறுபடி சிரித்தாய். முதல் தடவை நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்த தடவையும் சிரித்தேன். அதற்குப் பிறகு நீ சொன்னபோதெல்லாம் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று போனை வைத்தேன்.

குஜிலியம்பாறைப் பக்கத்து ஊர் அவளுக்கு. புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். முதலில் அவளுக்கு வார விடுமுறை வருகிற நாளில் மட்டும் உன்னோடு வந்தாள். பிறகு ஆள் மாற்றிவிட்டு வந்தாள். அப்புறம் நீ எங்கே போனாலும் வந்தாள். உன் வண்டியை ஓட்டக் கற்றுக்கொடுத்து லைசென்சும் எடுக்கவைத்தாய். நீ அனுப்புகிற படங்களில் மலை இருக்கும், ஆறு இருக்கும், ஓரத்தில் இரண்டு டம்ளர் இருக்கும். நான் மலையைப் பார்த்ததே இல்லை. அவளை நீ பாண்டி என்றாய். என்னைக் கல்லூரி வருகைப் பதிவேட்டில் இருந்தபடி, ஒரு எழுத்து குறையாமல், ஆரோக்கியமேரி என்றே கடைசிவரை கூப்பிட்டாய். அது மரியாதையா, சோம்பலா என்று உன்னிடம் கேட்டிருக்கலாம்.

ஒரே ஒரு நாள் உன்னோடு வந்தேன். அதுவும் அவள் ஏதோ காதுகுத்துக்குப் போயிருந்த நாள் என்பது வண்டி கிளம்பிய பிறகுதான் தெரிந்தது. சேவுகம்பட்டிக்குப் போகிற வழியில் ஒரு வேகத்தடை. நீ குறைக்காமல் ஏற்றினாய். கட்டிலுக்கு அடியில் டக்கென்று ஒரு சத்தம், கொஞ்ச நேரத்தில், பெட்டிக்குள் உட்கார்ந்து வந்த என் பாதத்துக்குக் கீழே தண்ணீர். ஒரு தென்னந்தோப்பு ஓரமாக நிறுத்தினாய். சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து நகர்ந்துபோனாய். நானும் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்டி போட்டேன். அடியிலிருந்து உன் குரல் வந்தது.

“ஆரோக்கியமேரி, நீ மேல போய் உக்காரு. சேலை வீணாப் போகும்.”

மேலே போய் உட்கார்ந்தேன். என் சன்னல் வழியாகத் தென்னை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செத்த நேரம் கழித்து, உனக்கு நீயே பேசுகிற மாதிரி, “பாண்டி இருந்தா இந்நேரம் டார்ச்சப் பிடிச்சிருப்பா” என்றாய். யாருடைய சேலையைப் பற்றிக் கவலைப்படுகிறோமோ அவர்களை நாம் வண்டிக்கு அடியில் சேர்ப்பதில்லை. அன்றைக்கு இது எனக்குப் புரிந்தது. வீடு திரும்புகிறவரை எனக்குப் பசியே எடுக்கவில்லை.

அன்றைக்கே நான் சொன்னேன், இந்தப் பிளாஸ்டிக்கை எல்லாம் எறிந்துவிட்டுப் பித்தளைக்கு மாற்று என்று. அடிவயிற்றில் கல் தெறிக்கிற வண்டிக்கு, மாடியில் ஆடாமல் நிற்கிற குழாய்க்குச் செய்த சாமானைப் போட்டால் எத்தனை நாள் தாங்கும்? நீ கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: “பித்தளை போட்டா ஒடையாது. ஒடையலன்னா நிக்கமாட்டோம். நிக்கலன்னா எந்த ஊரு பேரும் தெரியாமப் போயிரும்.” அழகான பேச்சுதான். ஆனால் அப்படி நின்ற ஊர்களில் எல்லாம் உன்னோடு நின்றது யார் என்பதுதான் என் கேள்வியாக இருந்தது.

ஆகவே, வண்டி என் வாசலுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியத்துக்கு உனக்கு விளக்கம் தேவைப்படாது. அதில் நீயும் அவளும் மாட்டிய பிளாஸ்டிக் மூட்டு ஒன்றுகூட மிஞ்சக்கூடாது என்று முடிவு செய்தேன். கணவரிடம் வேறு காரணம் சொன்னேன். வெயிலில் காய்ந்து உளுத்துப்போய்விட்டது, யார் எடுத்துக்கொண்டாலும் வழியில் உடையும் என்றேன். அதுவும் பொய் இல்லை. ஒவ்வொரு மூட்டின் உள்ளேயும் நம் ஊர்த் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. விரலால் அழுத்தினால் சில மூட்டுகள் முட்டை ஓடு மாதிரி நொறுங்கின.

கடையில் இரண்டு முனையிலும் மரை வெட்டிய பித்தளை நிப்பிள், வளைவுக்குப் பித்தளை எல்போ, தண்ணீரை அடைக்கப் பால் வால்வு, இரண்டு பக்கத்துக்கும் ரப்பர் வாஷர் எல்லாம் கேட்டு வாங்கினேன். விறைப்பான குழாய் குலுக்கலில் முறியும் என்று உள்ளே நூல் பின்னிய வளைகிற ஹோஸும், அதை இறுக்க ஸ்டீல் கிளிப்பும் வாங்கினேன். கடைக்காரர் எத்தனை மாடி வீடும்மா என்று கேட்டார். மாடி இல்லை, வண்டி என்றேன். எனக்குப் பின்னால் நின்றவரை அவர் முதலில் கவனிக்கப் போய்விட்டார்.

மில்லிலிருந்து திரும்பியதும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றினேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். குழாயின் மரைமேல் வெள்ளை நாடா சுற்றி முறுக்கினால்தான் நீர் கசியாது என்பது உனக்குத் தெரியும். எந்தத் திசையில் முறுக்குகிறோமோ அந்தத் திசையிலேயே நாடாவும் சுற்றியிருக்கவேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால், முறுக்க முறுக்க நாடா பிரிந்து, ஓரத்தில் சுருண்டு ஒதுங்கிவிடும். உன் வண்டியில் ஒன்றுவிடாமல் எல்லா மூட்டிலும் நாடா எதிர்த்திசையில் சுற்றியிருந்தது. பாதி ஒழுகலுக்குப் பிளாஸ்டிக் காரணமே இல்லை.

வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே சிரித்துவிட்டேன். இடது கைக்காரி நீ. வலது கையில் குழாயைப் பிடித்து, இடது கையால் நாடாவைச் சுற்றியிருக்கிறாய். உன் கைக்கு எது நேரோ அது குழாய்க்குத் தலைகீழ். உன் கையை எனக்குத் தெரியும். நீ சோறு பிசைகிறபோது வலது கையை உபயோகிக்கச் சொல்லி விடுதி சிஸ்டர் திட்டியதும், வகுப்பில் உன் முழங்கை இடிக்காமலிருக்க நான் எப்போதும் பெஞ்சின் மறுபக்கம் உட்கார்ந்ததும் எனக்குத்தான் தெரியும். பங்கில் டீசல் போடுகிறவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? கழற்றிய மூட்டுகளைக் குப்பையில் போடாமல் ஒரு முறுக்கு டப்பாவில் எடுத்து வைத்தேன். நீ சுற்றிய நாடாவோடு, அப்படியே. அந்த வாரம் முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன்னை அவளிடமிருந்து ஒருவழியாகப் பிரித்தெடுத்துவிட்ட சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால், பாண்டியம்மா வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறாள். “வெஞ்சனத்துக்கு ஆகும்க்கா” என்று ஒரு பை நிறையக் கத்தரிக்காயை என் கையில் கொடுத்தாள். பை கைமாறுவதற்குள் அவள் கண் வண்டிக்கு அடியில் போய்விட்டது.

“இம்புட்டையுமா கழட்டிட்டீங்க?”

அவள் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் ஆசையாகவும் எதிர்பார்த்தேன். அவள் பெட்டிக்குள் ஏறிக் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, சாக்கு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காமலேயே, கட்டிலுக்குப் பின்னாலிருந்து இழுத்து விரித்தாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, உன் வார்த்தை அப்படியே வாயில் வந்தது. நீ மேலே உட்கார், சேலை வீணாகப் போகும் என்றேன்.

“இது வீணாப் போன சேலைதான்க்கா. இந்த வண்டிக்குன்னே வச்சிருக்கது.”

அதற்கென்று ஒரு சேலை வைத்திருந்தாள். இத்தனை வருடத்தில் அப்படி ஒன்று வைத்துக்கொள்ளவேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

இரண்டு பேரும் வேலை செய்தோம். தொட்டிப் பக்கம் நான், குழாய்ப் பக்கம் அவள். பித்தளை கனம், தொட்டியின் கழுத்து தாங்காது, அடியில் ஒரு கிளாம்ப் கொடுக்கலாம் என்றாள். நானும் அதைத்தான் நினைத்தேன் என்றேன். நினைக்கவில்லை. நடுவில் அவளாகவே, டீச்சர் உங்களைப் பற்றிப் பேசுவாங்க என்று சொன்னாள். நோயாளிக்குக் கஞ்சி கொடுக்கிற குரலில் சொன்னாள். அந்தக் குரலில் துளி பொறாமை இருந்திருந்தால் என்ன பேசினாய் என்று கேட்டிருப்பேன். ஆஸ்பத்திரியில் நீ கடைசியாகக் கண் திறந்தபோது பக்கத்தில் இருந்தவள் அவள். நான் பஸ் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. என்மேல் பொறாமைப்பட அவளுக்கு என்ன இருக்கிறது?

அப்போது அவள் ஒரு நிப்பிளை எடுத்து நாடா சுற்ற ஆரம்பித்தாள். வலது கையால்தான் சுற்றினாள். சோறு உண்கிற, கையெழுத்துப் போடுகிற அதே வலது கை. நாடா எதிர்த்திசையில் போனது.

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன்.

“இப்படிச் சுத்த யாரு சொல்லிக்குடுத்தா?”

“டீச்சர்தான்க்கா.”

“தலகீழாச் சுத்துற, பாண்டியம்மா.”

“தெரியும்க்கா” என்றாள். கை நிற்கவில்லை. “கரூர்ப் பக்கம் ஒரு கடைக்காரரு ஆரம்பத்துலயே சொன்னாரு. டீச்சர் கைக்கு அப்படித்தான வரும்? நான் மட்டும் நேராச் சுத்துனா, அவுங்க சுத்துறது தப்புன்னு அவுங்களுக்குத் தெரிஞ்சு போகும்ல? அதான் நானும் இப்படியே பழகிக்கிட்டேன். ரெண்டு சுத்து கூடப் போட்டா நிக்கும். நிக்காட்டி டீச்சர் பிளாஸ்டிக்கத் திட்டிக்கிருவாங்க.”

அவள் இரண்டு சுற்று கூடப் போட்டு, நிப்பிளைத் தொட்டிக்கு நேராக நீட்டினாள். வாங்கி முறுக்கினேன்.

உனக்கு இது தெரியாமல்தான் போயிருக்கிறாய். ஒரு பெண், உன் பிழை உனக்குத் தெரிந்துவிடக்கூடாது என்பதற்காகத் தன் கையையே உன் கைக்குத் திருப்பிக்கொண்டாள். நாம் ஐந்து வருடம் ஒரே அறையில் இருந்தோம். நான் உன் முழங்கைக்கு இடம்விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். அவள் தள்ளி உட்காரவில்லை. முறுக்கு டப்பாவில் நான் பொறுக்கி வைத்ததில் எது உன் சுற்று, எது அவளுடையது என்று இனி என்னால் பிரிக்கவே முடியாது. அதைத் திறந்து பார்க்கும் ஆசையும் அதோடு போயிற்று.

உன்னிடம் ஒன்று ஒப்புக்கொள்கிறேன், நீ சிரித்தாலும் சரி. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன். அடியே, நாடாவை மாற்றிச் சுற்றுகிறாய் என்று சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன். ஒழுகல் நின்றிருக்கும். வண்டியும் எங்கும் நிற்காமல் போயிருக்கும். நீ அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டதற்கு இதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. உனக்கே தெரிந்திருக்காது.

மத்தியானம் தொட்டியை நிரப்பிப் பம்பைப் போட்டோம். நான் டார்ச்சோடு ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துவிட்டு, எங்கும் ஈரம் இல்லை என்று சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே வந்தேன். சமையலறைச் சன்னலிலிருந்து வண்டியின் அடிப்பக்கம் தெரியும். பாண்டியம்மா குனிந்து எதையோ பார்த்தாள். வீட்டுப் பக்கம் ஒரு பார்வை. சட்டென்று அடியில் போய், நான் போட்ட ஸ்டீல் கிளிப் ஒன்றை ஸ்க்ரூ டிரைவரால் இறுக்கினாள். முந்தானையால் தரையில் விழுந்த சொட்டைத் துடைத்தாள். நான் காபியோடு வந்தபோது தூணில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒரு சொட்டு ஒழுகலக்கா. நல்லாப் போட்டிருக்கீங்க.”

நான் பார்த்ததைச் சொல்லவில்லை. காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டேன். அவள் உன்னை எப்படி வைத்திருந்தாள் என்பதை உன் படங்கள் எதுவும் காட்டாத அளவுக்கு அந்த ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டிவிட்டது.

பிறகு இரண்டு பேரும் தவிர்த்துக்கொண்டிருந்த பேச்சு வந்தது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவள்தான் தொடங்கினாள்.

“வண்டி எனக்கு வேணும்க்கா. வேணாம்னு பொய் சொல்லமாட்டேன்.”

“எனக்கும் வேணும்.”

“உங்களுக்கு ஓட்டத் தெரியாதேக்கா. ஸ்கூட்டரே கால ஊனி ஊனி ஓட்டுவீங்கன்னு டீச்சர் சொல்லுவாங்க.”

என்னைப் பற்றி நீ பேசியது இதைத்தானா?

“உனக்கு நிறுத்த எடம் இல்லையே” என்றேன். “நீ இருக்குறது ஒத்த ரூம். வாசல்ல சைக்கிள் நிறுத்தவே வீட்டுக்காரம்மா சண்டைக்கு வாரா.”

“ஆமா” என்றாள். “அப்ப நிறுத்தி வைக்கிறது நீங்க, ஓட்டுறது நானா?”

கேட்டுவிட்டு அவளே முதலில் சிரித்தாள். வேறு வழி இருந்தால் நான் அதைப் பிடித்திருப்பேன். அவளுக்கே விட்டுக்கொடுத்திருந்தால் ஊரெல்லாம் என்னை மெச்சியிருக்கும். ஆனால் வண்டி அவளோடு போவதை இன்னொரு முறை வாசலில் நின்று பார்க்க என்னால் முடியாது. நானே வைத்துக்கொண்டால் அது ஓடாது, என் சன்னலுக்கு வெளியே தகரமாக நிற்கும். இரண்டு வாரம் இதையே மனத்துக்குள் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு உன் தம்பிக்குப் போன் செய்தேன். பேர் என் பேரில் மாறட்டும், சாவி ஆளுக்கொன்று இருக்கட்டும் என்றேன். அவன், “தக்காளி தப்பிச்சிருச்சா?” என்றான். கணவர் மட்டும் கொஞ்சம் வருத்தமாகத் தெரிந்தார்.

போன வாரம் முதல் பயணம் போய்வந்தோம். பெரிய தூரம் இல்லை. குஜிலியம்பாறைப் பக்கம் அவள் அம்மாவைப் பார்த்துவிட்டு, அங்கேயே ஒரு வேப்பமரத்து அடியில் வண்டிக்குள் படுத்துவிட்டு, மறுநாள் திரும்பினோம். அவள் தினமும் உட்கார்ந்து வந்த இருக்கை கடைசியில் எனக்குக் கிடைத்தது. அவளோ உன்னுடையதில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டியரிங்கை நீ பிடிக்கிற மாதிரியே இடது கையால் மட்டும் பிடித்து, வலது கையைச் சன்னலில் போட்டுக்கொண்டு ஓட்டினாள். எந்த வேகத்தடையிலும் எதுவும் உடையவில்லை. பித்தளை உடையாது. தண்ணீர் குடிக்கிறாயா என்று நான் அடிக்கடி கேட்டேன், குழாயைத் திறந்து பார்க்கும் ஆசையில்.

எரியோடு தாண்டியதும், மழையைப் பார்த்து விதைத்த சோளம் இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு நிற்கிற இடத்தில், அவள் வேகத்தைக் குறைத்தாள்.

“இந்த எடத்துல டீச்சர் எப்பவும் ஒண்ணு சொல்லுவாங்கக்கா.”

“தெரியும்” என்றேன்.

எனக்குத் தெரியாது. அந்த இடத்தைப் பற்றி நீ என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சாலைக்குத் திரும்பிக்கொண்டு, “உங்களுக்குத் தெரியாம இருக்குமா” என்று சொல்லிக் கியரை மாற்றினாள்.

என் நெஞ்சில் பழையபடி அது எரிந்தது. நீ போனதும் இதுவும் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லாதவளுக்காக ஒருத்திமேல் எப்படிப் பொறாமைப்பட முடியும்? உன்னை நினைத்து அழும்போது நீ செத்துப்போனவள். உன் படத்துக்கு முன்னால் நிற்கும்போதும் அப்படியே. சோளக்காட்டு ஓரத்தில் அந்த எரிச்சல் வந்த அந்த நிமிடத்தில் மட்டும் நீ உயிரோடு இருந்தாய். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, யாரிடம் எதைச் சொல்லலாம் என்று தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாய். என்னைத் தேர்ந்தெடுக்கவில்லைதான். ஆனாலும் இருந்தாய்.

அதனால் அந்த எரிச்சலைக் கையில் வைத்திருக்கிறேன். வண்டியைப் பங்கு போட்டாயிற்று, இதைப் பங்கு போடமாட்டேன்.